மதிலுக்கு வந்த கமரா

யாழ்ப்பாணத்தான் தன் வளவைக் காப்பதிற் காட்டும் சிரத்தையை மோட்சத்தைத் தேடுவதிலும் காட்டியிருப்பானாகில், கைலாயத்தில் இன்று பிறதேசத்தாருக்கு இடம் கிடைத்திராது. கதியால் நட்டு, கிடுகால் வேலியடைத்து, அயல்வீட்டை அவதானிப்பதற்கென்றே அதில் ஒரு பொட்டும் விட்டுவைத்த நம் முன்னோர், வயரும் பற்றரியும் வேண்டாத, இரவுபகல் பாராத, பேச்சையும் சேர்த்துப் பதிந்துகொள்ளுகிற ஓர் அபூர்வமான காவற்சாதனத்தை வீட்டுக்கு வீடு ஆச்சி என்ற பெயரில் வைத்திருந்தார்கள். எங்கள் ஆச்சியும் போய்ச் சேர்ந்தா. வேலியும் போய் மதில் வந்தது. ரொறன்ரோவிலிருந்து மகன், "அப்பா, கமரா பூட்டுங்கோ" என்று உத்தரவு பிறப்பித்தான்.

பூட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. வயர் உள்ளதா, இல்லாததா என்பதிலேதான் விவகாரம் மூண்டது.

"வயர்லெஸ் எண்டால் சுவர் துளைக்கிற கரைச்சல் இல்லை ஐயா" என்றார் பூட்ட வந்த தம்பி.

"அப்ப கறண்ட்?"

"அதுக்கு மட்டும் ஒரு வயர் வரும்."

துறவி என்று அறிமுகமானவர் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் வீட்டுக்கு வந்துபோவதுபோல இருந்தது எனக்கு. பற்றரியிலும் சூரிய ஒளியிலும் சீவிக்கிற மெய்யான துறவிகளும் அக்குலத்தில் உண்டென்று அவர் சொன்னார். விலையைக் கேட்டபின் அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை. மேலும், அங்கே பலகைச் சட்டத்தில் மெல்லிய ஜிப்சம் அட்டை அடித்த சுவர்களுக்கிடையே வாழும் மகனுக்கு வைஃபை எங்கும் தங்குதடையின்றி உலாவலாம். எங்களுடையதோ சுண்ணாம்புச் சாந்தில் கனத்துக் கட்டிய பழைய நாற்சார் வீடு. கிணற்றடியில் ஒரு கமராவைப் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்த்தபோது, வாளி கிணற்றுக்குள் இறங்குவது தெரிந்தது, ஏறுவது தெரியவேயில்லை.

வயர்க் கமராவின் நியாயம் வேறு. ஒரே வயரில் மின்சாரமும் படமும் சேர்ந்து 100 மீற்றர்வரை ஓடும். எங்கள் நாலு பரப்பு வளவில் மூலைக்கு மூலை இழுத்தாலும் அதிற் பாதி செலவாகாது. அதனினும் விசேஷம், பதிவுப்பெட்டியடியில் ஒரு யூ.பி.எஸ்.ஸை வைத்துவிட்டால், கறண்ட் போனாலும் கமராக்கள் அத்தனையும் கண்விழித்திருக்கும் என்பதே. தொண்ணூறுகளிற் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டு, 2022 பங்குனியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டையும் அனுபவித்த ஒருவனுக்கு இந்த நியாயத்தை விளக்கச் சட்டத்தரணி வேண்டியதில்லை. (சின்ன யூ.பி.எஸ். அத்தனை நேரம் தாங்காது என்பது வேறு கதை.) ஐப்பசி கார்த்திகையில் இடிமின்னல் அந்த வயர் வழியே பெட்டிவரை வந்து குசலம் விசாரிக்கக்கூடும் என்பதையும், அணிலுக்கு வயரின் மேலுறையில் ஒரு விசேஷப் பிரியம் உண்டு என்பதையும் யோசித்து, குழாய்க்குள் வயரைச் செலுத்தி, இடிதாங்கும் கருவியொன்றும் வைத்து, வயர்ப் பக்கமே தீர்ப்பளித்தேன்.

இப்போது எங்களுக்கு விடியும்போது முதல்நாள் இரவில் இருக்கும் மகன், "அப்பா, கேற் திறந்து கிடக்குது, மாடு வரப்போகுது" என்று கனடாவிலிருந்து மாடு கலைக்கிறான். இந்தப் புகழ் அயலுக்கும் பரவி, பக்கத்துவீட்டு மாமி ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, அதைக் கொஞ்சம் எங்கடை தேசிமரத்துப் பக்கமும் திருப்பி விடுங்கோவன், ஆரோ ஒவ்வொரு நாளும் காய் புடுங்கினம்" என்றா.

குசினி வாசலில் நின்று சொதிக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்த என் மனைவி, நான் வாய் திறக்குமுன்பே, "அது வயர்க் கமரா மாமி, திரும்பாது" என்றாள்.