வெட்டுக்கருவி இயல்: முதலுதவிப் பெட்டி குறித்த ஒரு சிற்றாராய்ச்சி

வீட்டு முதலுதவிப் பெட்டியில் பஞ்சு உண்டு, ரோலர் பேண்டேஜ் உண்டு, காலாவதியான களிம்பு கட்டாயம் உண்டு. இவற்றை வெட்டுவதற்கு எக்கருவியை வைப்பது என்ற வினாவை மட்டும் நம் அறிஞர் பெருமக்கள் தீண்டாமல் விட்டுவிட்டனர். அக்குறை தீர்க்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது. ஆய்வெல்லை, அலமாரியின் மேல்தட்டும் ஊருக்குப் போகும் பையும். தொழிற்கூடங்கள் எல்லைக்கு வெளியே நிற்பவை. ஆயினும் சட்டம் வாய் திறப்பது அங்கேதான் என்பதால் அதை முதலில் கேட்டுவிடுவோம்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 45-ஆம் பிரிவு, 150 தொழிலாளருக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டும் என்றது. உள்ளே என்னென்ன என்பதை விதிகள் சொல்லின. பழைய பட்டியல்களில் கத்தரிக்கோலோடு பாம்புக்கடிக்கென ஒரு கீறுகத்தியும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் குப்பியும் இடம்பெற்றிருந்தன. கடிவாயைக் கீறி அந்த ஊதா உப்பைத் தேய்த்தால் விஷம் முறியும் என்பது அக்காலத்துக் கொள்கை. விஷம் முறியவில்லை, கடியோடு வெட்டுக்காயமும் சேர்ந்ததுதான் மிச்சம். கீறாதே, இறுக்கிக் கட்டாதே, வாய் வைத்து உறிஞ்சாதே, கடிபட்ட காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்பதே இன்றைய மருத்துவம். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. (அதற்கு வேண்டிய விஷத்தை எடுத்துத் தருவோரில் 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் முக்கியமானவர்கள். அவர்களுக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்; அதில் சிரிக்க இடமிராது.) ஆகவே இவ்வியலின் முதல் நூற்பா எதிர்மறையாய் அமைகிறது: பெட்டிக் கருவி துணியை வெட்டும், பிளாஸ்திரியை வெட்டும், ஆளை வெட்டாது.

இதை ஏற்காதார் பிளேடு கட்சியார். கண்ணாடிக்குப் பின்னால் காகிதம் சுற்றிச் செருகிய சவர பிளேடு இருக்க வேறு கருவி எதற்கு என்பது அவர்கள் வாதம். தையல் பிரிக்கவும் பென்சில் சீவவும் உதவுவது கட்டை அறுக்க உதவாதோ என வினவுவர். உதவும். ஆனால் அதற்கு இருபுறமும் கூர். கட்டு அறுபடும்போது பிடித்தவர் விரலும் அறுபட, பெட்டிக்குப் புதிதாய் ஒரு நோயாளி கிடைப்பார். எனவே அது பொருந்தாது என்க.

கத்திக் கட்சியார் கொஞ்சம் படித்தவர்கள். 1897-ல் சுவிட்சர்லாந்தில் பதிவான மடக்குக் கத்தியின் வழிவந்ததைச் சாவிக்கொத்தில் தொங்கவிட்டிருப்பர். அதில் சின்னக் கத்தரியும் உண்டு என்று காட்டுவர். நகம் வெட்டப் போதும், ஜீன்ஸ் கால் அதற்கு அடங்காது. விமான நிலையத்தில் கைப்பையைத் திறந்தவுடன் அவர்கள் கட்சியே கலைந்துவிடும்.

பல் கட்சி இவ்விரண்டுக்கும் மூத்தது. பேண்டேஜ் முனையைப் பல்லில் கவ்வி நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, அந்த இரு வால்களையும் முடிச்சிடுவது நம் தாய்மார் கைவந்த கலை. முடிச்சு லேசில் அவிழாது. எதிர்ப்பு ஒன்றே: கிருமி நீக்கிய துணியை வாயில் வைத்தபின் அது கிருமி நீக்கிய துணி ஆகாது.

எஞ்சுவது கத்தரி. அதிலும் பெட்டியோடு இலவசமாக வரும் குட்டிக் கத்தரியை விலக்குக. அது காஸ் துணியை வெட்டுவதில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே மடித்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். கத்தரி வெட்டுவது கூரால் மட்டுமன்று, அலகோடு அலகு உரசுவதாலும். திருகாணி தளர்ந்தால் உரசல் போயிற்று. வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தாலும் இதே கதைதான், விரல்கள் அலகுகளைப் பிரித்தே தள்ளும். இது அற்பமன்று. வலக்கையில் அடிபட்டவர் தமக்குத் தாமே கட்டுப் போட வேண்டி வந்தால் எந்தக் கை மிஞ்சும்? கடையிலேயே இடக்கையால் நான்கு மடிப்புத் துணியை வெட்டிப் பார்த்து வாங்குக. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆய்வாளர் அதைப் பொருட்படுத்தலாகாது.

சித்தாந்தம் இதுவே: சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் பேண்டேஜ் கத்தரி. பிடிக்கும் அலகுக்கும் இடையே ஒரு வளைவு; கீழலகின் நுனி கூராக இல்லாமல் தட்டையாக, மழுங்கலாக இருக்கும். தோலை ஒட்டித் துணிக்கு அடியில் நுழைத்தாலும் குத்தாது. ஆம்புலன்ஸ் ஊழியர் வைத்திருக்கும் பெரிய வகை பேன்ட், பெல்ட், கார் சீட் பெல்ட் எல்லாவற்றையும் வெட்டும். தீப்புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்க்காமல், ஒட்டிய இடத்தை விட்டுச் சுற்றி வெட்டி எடுக்கவும் இதுவே தோது.

கருவி கிடைத்துவிட்டது. ஆனால் நல்ல கத்தரி எதுவும் முதலுதவிப் பெட்டியில் தங்குவதில்லை என்பது இத்துறையின் தலையாய சிக்கல். பால் பாக்கெட், மாவு பாக்கெட், முருங்கைக்காய், பள்ளிக்கூட அட்டை வேலை என்று அது ஊர்வலம் போய்விடும். ஆட்சேபித்தபோது இல்லத்தரசியார் அளித்த மறுப்புரை: “ஏங்க, யாருக்காவது அடிபடணும்னு அது காத்துக்கிட்டு இருக்கணுமா? பால் கவர் வெட்டினா தேஞ்சா போயிடும்?” இதற்கு விடை எந்த உரையாசிரியரிடமும் இல்லை. தேயாது, பிசுக்கு ஏறும். கழுவாத கத்தரியைக் காயத்தருகே கொண்டு போக முடியாது.

பெட்டியைப் பூட்டுவது தவறு. அவசரத்தில் சாவி எங்கே இருக்கும் என்பது உலகறிந்தது. ஆகவே வங்கி கவுண்டரில் பேனாவைக் கட்டிவைப்பதுபோல், கத்தரியின் விரல் வளையத்தில் சணல் கயிறு கோத்துப் பெட்டியோடு கட்டிவைத்தோம். மறுநாள் காலை பெட்டியில் கயிறு மட்டும் இருந்தது. வெட்டுவாயைச் சோதித்ததில் பிசிறு இல்லை, நசுங்கல் இல்லை, ஒரே வெட்டு. வீட்டில் அப்படி வெட்டக்கூடிய கருவி அந்தக் கத்தரி ஒன்றுதான். தேர்வு சரியே என்பது இதனால் நிறுவப்பட்டது.