ஸ்டிக்கர் துணை

பெறுநர்: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாண்புமிகு தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் செயற்குழுப் பெருமக்கள்.

பொருள்: மொட்டை மாடி டவரை அகற்றி எங்கள் உயிரைக் காத்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மாண்புமிகு பெருமக்களே,

போனிலேயே நன்றி சொல்லியிருப்பேன். அதற்கு வழியில்லாதபடி தாங்கள் காத்தருளியதால் கடிதம் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்த தம்பி கோட் நம்பர் கேட்டார். அது என் போனுக்கு வர வேண்டும். என் போனுக்கு ஒன்றுமே வராது என்பது தங்கள் சாதனை. பால்கனிக்கு ஓடினேன், வரவில்லை. மொட்டை மாடிக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. சாவி செயலாளர் வீட்டில், செயலாளர் வாக்கிங்கில். கட்டியிருந்த லுங்கியோடு தெருவில் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மருக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். நம் தெருவில் இரண்டு கோடு சிக்னல் காட்டும் ஒரே புண்ணியத் தலம் அதுதான். காய்கறி வண்டியைச் சுற்றி நின்றவர்கள் கத்தரிக்காயை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கோட் வந்து சேர்ந்தபோது சிலிண்டர் வண்டி தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது. "இவ்ளோ பெரிய அபார்ட்மெண்ட்டு, ஒரு டவருக்கு வக்கில்லையா சார்?" என்று ஊர் கேட்கக் கேட்டுவிட்டுத்தான் தம்பி போனார். அப்போது வாக்கிங் முடித்து வந்த செயலாளர் என் போனை வாங்கித் திருப்பிப் பார்த்துச் சொன்னார்: "ஸ்டிக்கர் ஓரத்துல பிரிஞ்சிருக்கு சார். அதான்."

அந்த ஞானத்தின் முன் விழுந்து வணங்குகிறேன்.

டவர் நின்ற காலம் நம் குடியிருப்பின் இருண்ட காலம். எல்லாருக்கும் போன் கேட்டது. மாதா மாதம் வாடகை வேறு வந்து தொலைத்தது. 2018-ல், செல்போன் அலையால் பறவைகள் சாவதாகச் சொன்ன 2.0 படம் பார்த்த நாளிலிருந்தே தலைவருக்கு அந்த டவர் கண்ணை உறுத்தியது என்பதை நாங்கள் அறிவோம். "சிட்டுக்குருவி எங்கே போச்சு?" என்று பொதுக்குழுவில் அவர் குரல் தழுதழுத்தபோது எங்களுக்கும் தொண்டை அடைத்தது. ஒரு குருவிகூட உள்ளே வந்து கூடு கட்டிவிடக் கூடாதென்று பால்கனிக்கெல்லாம் வலை அடித்தது இதே செயற்குழுதான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. டவர் வேண்டாம் என்ற தீர்மானம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அந்த டவர்தான். பாவம், தன் தூக்குத் தண்டனை உத்தரவைத் தானே சுமந்து வந்தது.

டவர் போனது. நம்மைப் பார்த்து அடுத்த தெருவும் அதற்கடுத்த தெருவும் தங்கள் டவர்களை விரட்டின. வாடகை நின்றதால் மெயின்டனன்ஸ் ஏறியது. அந்த மெயின்டனன்ஸ் பில்லிலேயே போன் ஒன்றுக்கு 350 ரூபாய் என்று ஸ்டிக்கரும் ஏறியது. தங்க நிறம், நடுவில் ஏதோ யந்திரம் மாதிரி கோடுகள். கதிர்வீச்சை 99 சதவீதம் உறிஞ்சுமாம். மீதி ஒரு சதவீதத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஸ்டிக்கர் அருளால் எனக்கு ஒரே ஒரு சந்தேகம். டவர் அலையைப் பக்கவாட்டில்தான் வீசும். நேர் கீழே இருக்கிற வீட்டுக்கு வருவது சொற்பம், அதையும் கான்கிரீட் கூரை பாதி விழுங்கிவிடும். தூரம் பத்து மடங்கானால் அலையின் வலு நூறில் ஒன்றாகிவிடும். ஆனால் போன் இருப்பது காதோடு ஒட்டி. அது எவ்வளவு சக்தியில் ஒலிபரப்புகிறது என்பதை முடிவு செய்வது டவர் இருக்கும் தூரம். பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுப்போம், ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவரிடம் கத்துவோம். போனும் அப்படித்தான். 4ஜி போனின் உச்ச சக்தி சுமார் 0.2 வாட். சிக்னல் நன்றாக இருந்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு வந்தால் உச்சத்துக்கு ஏறிவிடும். ஆகப் பெருமக்களே, மாடியில் நின்ற டவரைக் கீழே இறக்கி, எங்கள் சட்டைப் பைக்குள் இருந்த போனை உச்சிக்கு ஏற்றியிருக்கிறீர்கள். முன்பைவிட அதிக அலை இப்போதுதான் எங்கள் காதுக்குள் போகிறது. பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்வதும் அதனால்தான். அதற்கும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்.

மூன்றாம் மாடிப் பாட்டிக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரியில் 108-க்கு லைன் கிடைக்கவில்லை. அவர் மகள் செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி, அதே குப்பைத் தொட்டிப் பக்கம் நின்று கூப்பிட்டாள். பாட்டி பிழைத்தது அவர் ஆயுள் கெட்டி என்பதால். ஏதாவது ஆகியிருந்தால் எந்தத் தீர்மானத்தில் அதை எழுதியிருப்பீர்கள்? குருவிக்காக அழுத கண் எதுவும் அன்றைக்கு நனைந்ததாகத் தெரியவில்லை.

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பதால் என் போனின் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

தங்கள் அறிவியல் ஆர்வத்துக்குத் தீனியாகச் சில செய்திகள். செல்போன் அலைகளைவிட, தங்கள் கூட்ட அறையில் எரியும் டியூப்லைட் வெளிச்சத்தின் அதிர்வெண் லட்சக்கணக்கான மடங்கு அதிகம். அந்த வெளிச்சத்துக்கே அணுவைப் பிய்க்கும் வலு கிடையாது. எக்ஸ்ரே வேறு சாதி, இது வேறு சாதி. போன் அலைகள் உடம்பில் செய்வதாக உறுதிப்பட்டிருப்பது, லேசாகச் சூடேற்றுவது ஒன்றுதான். அதற்கும் வரம்பு உண்டு. ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் எந்த போனும் போகக்கூடாது என்பது நம் நாட்டு விதி. ஸ்டார், ஹாஷ், 07, ஹாஷ் என்று தட்டினால் தங்கள் போனே தன் கணக்கை ஒப்பிக்கும். உச்ச சக்தியில் வைத்து அளந்த கணக்கு அது. டவர்களுக்கோ, சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கு என்று 2012 செப்டம்பரில் மத்திய அரசு வரம்பு வைத்தது. சந்தேகமிருந்தால் அளந்து பார்க்கக் கேட்கலாம். 2017-ல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தில் 4,000 ரூபாய் கட்டினால் அதிகாரிகளே கருவியோடு வந்து அளப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். நாம் அளக்கவில்லை. பன்னிரண்டு ஸ்டிக்கர் விலையைவிடக் கொஞ்சம் தாழ்ந்த செலவு, அதனால் செயற்குழுவின் தகுதிக்கு ஒத்துவரவில்லை.

பொருளாளர் அடிக்கடி சொல்லும் புற்றுநோய் விஷயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் ரேடியோ அலைகளை '2பி' பட்டியலில் சேர்த்தது உண்மை. சான்று போதாது, ஆனால் அடியோடு தள்ளவும் முடியாது என்பவை அந்தப் பட்டியலுக்குப் போகும். அங்கே இன்னொரு பெயரும் இருக்கிறது. கற்றாழையின் முழு இலைச் சாறு. தினமும் பூங்காவில் பொருளாளர் தோலோடு அரைத்துக் குடிக்கிறாரே, அதேதான். அவர் டம்ளருக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட இத்தால் பரிந்துரைக்கிறேன். அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்யப்பட்ட பெரிய மீளாய்வு 2024-ல் வந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்துவிட்டு, செல்போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. அது நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வரவில்லை. சிக்னல் இல்லை.

அந்த முகமையின் பட்டியலில் '2பி'க்கு ஒரு படி மேலே, 'அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது' என்ற '2ஏ' வகுப்பு உண்டு. அதில் இரவுப் பணி இருக்கிறது. 2007-ல் சேர்த்தார்கள், 2019-ல் மறுபடி பார்த்து உறுதி செய்தார்கள். நம் வாசலில் அறுபது தாண்டிய ஒரு மனிதர் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். பகலில் வேறு கட்டடத்தில் வேலை. நீங்கள் கொடுக்கும் சம்பளம் போதாததால் இரண்டு இடம். அவருக்கு முதுகு சாய ஒரு நாற்காலி வாங்கித் தர உங்களுக்கு மனமில்லை. டவரைக் கண்டால் புற்றுநோய் ஞாபகம் வருகிறது, வாட்ச்மேனைக் கண்டால் வருவதில்லை. வெட்கமாக இல்லையா?

சரி. ஸ்டிக்கரைத் தொட்டு ஒரு நிமிடம் மூச்சு விட்டுக்கொள்கிறேன். இப்போது தேவலை.

ஸ்டிக்கரின் குலப்பெருமையையும் சொல்லாவிட்டால் நன்றி கொன்றவனாவேன். 2002-லேயே அமெரிக்க வர்த்தக ஆணையம் இதைப் போன்ற 'கதிர்த் தடுப்பு' சரக்கு விற்ற நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. போனின் ஒரு பகுதியை மட்டும் மறைத்தால் மீதிப் பகுதி வழியாக அலை வெளியேறும், சிக்னல் கெட்டால் போன் இன்னும் அதிக சக்தியில் இயங்கும் என்பது அது சொன்ன காரணம். 2020-ல் பசு நலனுக்கான அரசு அமைப்பான ராஷ்டிரிய காமதேனு ஆயோக்கின் தலைவர் பசுஞ்சாணத்தில் செய்த சிப் ஒன்றை அறிமுகப்படுத்தி, போன் கதிர்வீச்சை அது குறைக்கும் என்றார். அந்தச் சிப்பைத் தேவையில்லாதபோது எருவாகவாவது போடலாம், ஸ்டிக்கருக்கு அந்த யோகமும் இல்லை. இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது நெதர்லாந்துக் கதை. 5ஜி அலையைத் தடுக்கும் என்று விற்ற பதக்கம், கண்மூடி, குழந்தைகளின் கைவளையம் உள்ளிட்ட பத்துப் பொருள்களை 2021-ல் அந்நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்தது. அவற்றிலிருந்துதான் அசல் அணுக்கதிர்வீச்சு வந்துகொண்டிருந்தது. நம்முடைய ஸ்டிக்கர் அந்த அளவுக்குத் திறமைசாலி இல்லை என்பதற்கு செயற்குழுவுக்கு நன்றி.

போன் ஆளைக் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. கொல்கிறது. வண்டி ஓட்டும்போது போன் பயன்படுத்தியதால் நேர்ந்த விபத்துகளில் 2021-ல் மட்டும் இந்தியாவில் 1,040 பேர் செத்துப்போனதாகச் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்கு சொல்கிறது. நம் தலைவர் ஸ்கூட்டரில் வரும் அழகைத் தினமும் பார்க்கிறோம். ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே செருகிய போன், போனின் முதுகில் தங்க ஸ்டிக்கர். லாரிக்காரர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் பிரேக் போட வேண்டும்.

ஆகவே, மாண்புமிகு பெருமக்களின் பாதம் பணிந்து சில விண்ணப்பங்கள். நீண்ட நேரம் பேசுவதென்றால் ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுவது, ஒற்றைக் கோடு இருக்கும்போதும் லிஃப்டுக்குள்ளும் பேச்சை வளர்க்காமல் இருப்பது, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் போனை நெஞ்சுப் பையில் வைக்காமல் 15 சென்டிமீட்டராவது தள்ளி வைப்பது, வண்டியில் போகும்போது போனை எடுக்காமலே இருப்பது. இவற்றை ஒரு தாளில் எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டுங்கள். தங்களுக்கு எதையாவது ஒட்டியே ஆக வேண்டுமென்றால் அதை ஒட்டலாம். மொட்டை மாடிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுங்கள். வாட்ச்மேனுக்கு ஒரு நாற்காலியும், வாரத்தில் ஒரு ராத்திரி விடுப்பும் கொடுங்கள். டவரைத் திரும்ப வைக்க அழையுங்கள். வைத்த பிறகு முறைப்படி அளக்கச் சொல்லி, வந்த எண்ணை நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுங்கள். வரம்பைத் தாண்டினால் முதல் ஆளாக நானே எதிர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

இதைப் படிக்கும் சக குடியிருப்பாளர்களே, அடுத்த பொதுக்குழுவில் டவர் தீர்மானத்தை ரத்து செய்யக் கோரி மனு கொடுக்கப் போகிறேன். அதற்கு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். படிவம் வாட்ச்மேனிடம் இருக்கிறது. இறங்கி வந்து போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பாதுகாப்பில், தொடர்பு எல்லைக்கு வெளியே வாழும்
இரண்டாம் மாடி உறுப்பினர்

பி.கு.: ஸ்டிக்கருக்கு வாங்கிய 350 ரூபாயை அடுத்த மாத மெயின்டனன்ஸில் கழித்துக்கொள்ளவும். ரசீது இணைத்துள்ளேன்.