கறுப்புத் திரைக்கு ஒரு வாழ்த்து

லினக்ஸை ஆக்கிக் காக்கும் பெருமக்களே, உங்கள் புகழ் பூமியோடு நிற்கவில்லை. உலகின் அதிவேகக் கணினிகள் 500 என்று ஒரு பட்டியல் போடுகிறார்கள். 2017 நவம்பரிலிருந்து அந்த ஐந்நூறும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2021 ஏப்ரலில் செவ்வாயின் மெல்லிய காற்றில் எழும்பிய இன்ஜெனியுட்டி ஹெலிகாப்டருக்குள்ளும் லினக்ஸ்தான். செவ்வாய்வரை போனவர்களிடம் பள்ளிக்கூடத்துக் கணினி அறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நேரம் ஒதுக்கிக் கேட்கும் பெருந்தன்மை உங்களுக்கு உண்டு.

முதலில் உங்கள் கண்டிப்பைப் போற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த கணினி ஆசிரியை ஒருவர், பாடக் கோப்புகளை வைக்க இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சேர்த்தார். கணினி தொடங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளைச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஆறு பகுதி கொண்ட ஒரு வரி எழுதினார். விடுமுறையில் யாரோ அந்த டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பள்ளி திறந்த நாளன்று கணினியைப் போட்டால், அது 90 விநாடி காத்திருந்தது. பிறகு கறுப்புத் திரைக்கு வந்து, பராமரிப்புக்கு ரூட் பாஸ்வேர்டு கொடு என்றது. இயங்குதளம் இருந்த டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாணவன் வரவில்லையென்றால் பள்ளிக்கூடத்தையே பூட்டிவிடும் கண்டிப்பு இது. எந்தத் தலைமையாசிரியருக்கும் வராது. அந்த வரியில் 'நோஃபெயில்' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். அந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பை எங்கள் தேடலுக்கே விட்டிருக்கிறீர்கள். க்னோம் டெஸ்க்டாப்பின் டிஸ்க்ஸ் கருவியில், பல்சக்கரப் பொத்தானுக்குள், இந்த வரியை நிரப்ப ஒரு படிவமே உண்டு. புதையலைப் புதையலாகவே வைத்திருக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்.

எங்கள் நினைவாற்றலையும் நீங்கள்தான் வளர்த்தீர்கள். மென்பொருள் நிறுவ ஒவ்வொரு லினக்ஸ் விநியோகத்துக்கும் ஒரு கட்டளை: உபுண்டுவில் ஏபிடி, ஃபெடோராவில் டிஎன்எஃப், ஓப்பன்சூசேயில் ஸிப்பர், ஆர்ச்சில் பேக்மேன். ஃபயர்வாலைத் திறக்கவும் ஊருக்கொரு கட்டளை. அந்த ஆசிரியையின் நோட்டில் சிவப்பு மையில் நாற்பது பக்கக் கட்டளைகள் இருக்கின்றன. ஒரு புள்ளி, ஓர் இடைவெளி பிசகாமல் எழுதியிருக்கிறார். அவர் மாறுதலாகிப் போனால் அந்த அறையை நிர்வகிக்கும் அறிவும் நோட்டோடு போய்விடும்.

எல்லாவற்றையும் மிஞ்சியது உங்கள் துறவு. வரைகலை நிர்வாகக் கருவி செய்யத் தெரியாதவர்கள் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது. லினக்ஸ்கான்ஃப் வந்தது, ரெட் ஹேட் அதைக் கைவிட்டது. பிறகு தானே சிஸ்டம்-கான்ஃபிக் என்று ஒரு குடும்பத்தையே வளர்த்து, அதையும் விட்டது. ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் சூசே நிறுவனம் வளர்த்த யாஸ்ட்டைத்தான் மறக்க முடியாது. டிஸ்க் பிரிப்பது, பயனர்களைச் சேர்ப்பது, சர்வீஸ்களை நிறுத்துவது, பூட்லோடரைத் திருத்துவது என்று எல்லாம் ஒரே ஜன்னலில் கிடைத்தன. வரைகலைத் திரை வராத நாளிலும் எழுத்துத் திரையில் அதே பட்டியல் வரும். அப்படிக் கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்த கருவியை 2025இல் வந்த ஓப்பன்சூசே லீப் 16 வழியனுப்பிவைத்தது. பெற்ற பிள்ளையை இத்தனை அமைதியாக வழியனுப்பும் மனம் முனிவர்களுக்கும் எளிதில் வாய்க்காது. அதன் வேலைகளில் பலவற்றை இப்போது பிரவுசரில் திறக்கும் காக்பிட் ஏற்றிருக்கிறது. அது நல்ல கருவிதான். ஆனால் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களை நினைத்துப் பிறந்தது.

இவ்வளவு ஆற்றல் உள்ளவர்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. அந்த ஆசிரியையின் நோட்டில் இருக்கும் நாற்பது பக்கத்தை ஒரு ஜன்னலாக்கித் தாருங்கள். தவறான வரியைச் சேமிக்கும் முன்பே அது எச்சரிக்கட்டும். எந்த விநியோகத்திலும் ஒரே மாதிரி இயங்கட்டும். கட்டிய பிறகு, இந்த ஒன்றையாவது கைவிடாதீர்கள்.