3200 பஸ் பிரேசர் டவுன் வழியாகப் போகுமா? மடிக்கணினி நினைவகக் குறியீடுகள் பற்றிய ஓர் ஆய்வேடு

1. ஆய்வின் நோக்கம்

ஏழு வயது நிரம்பிய ஒரு மடிக்கணினி, பிரவுசரில் பத்தாவது பக்கத்தைத் திறந்ததும் மூர்ச்சையாவது ஏன், அதை எழுப்புவது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள். கணினி இக்கட்டுரையாளருடையது. எனவே ஆய்வாளரின் நடுநிலைமை குறித்து ஐயம் எழலாம், எழவேண்டும்.

2. ஆய்வுக் களம்

பெங்களூரு பிரேசர் டவுனை இவ்வாய்வுக்குத் தேர்ந்தது தற்செயல் அன்று (வீடு அங்கேதான் என்பது தனிச் செய்தி). 1898-இல் பிளேக் வந்து போனபின், கண்டோன்மென்டின் நெரிசலைக் குறைக்க எழுந்த குடியிருப்பு இது. நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மிட்ஃபோர்டு பிரேசரின் பெயர் தாங்கியது. அதாவது இருக்கிற இடம் போதவில்லை, பக்கத்தில் கொஞ்சம் சேர்த்தார்கள். கணினிக்கு ரேம் கூட்டுவதும் இதுவே. ஆகவே பிரேசர் டவுன் என்பது கண்டோன்மென்டுக்குப் போட்ட கூடுதல் ரேம் என்பது நம் முதல் துணிபு.

3. வழக்காறு

மாஸ்க் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு கணினிக் கடை. உள்ளே போய் ரேம் வேண்டும் என்றேன்.

“டிடிஆர் ஃபோரா? என்ன பஸ்ஸு சார்?”

“நடந்துதான் வந்தேன்.”

கடைக்காரர் என்னை நெடுநேரம் பார்த்தார். ரேமின் வேகத்தைக் கடைவழக்கில் ‘பஸ்’ என்பார்கள் என்பதும், 2400, 2666, 3200 என்பன மாநகரப் பேருந்துத் தடங்கள் அல்ல என்பதும் அன்று பெற்ற ஞானம். 3200 என்றால் நொடிக்கு 3200 மில்லியன் தடவை தரவு ஏறி இறங்குகிறது என்று பொருள்.

4. ஒரு பொருள், இரு பெயர்

அடுத்த கடையில் அதே பொருளின் அட்டையில் ‘பிசி4-25600’ என்றிருந்தது. எட்டு மடங்கு வேகம் என்று எண்ணிப் பர்ஸைத் திறந்தவர்களுள் இந்த ஆய்வாளரும் ஒருவர். உண்மை இது: ஒரு தடவைக்கு 64 பிட், அதாவது 8 பைட் ஏறுகிறது. 3200-ஐ எட்டால் பெருக்கினால் 25,600. முன்னது எத்தனை தடவை என்பதைச் சொல்கிறது. பின்னது நொடிக்கு எத்தனை மெகாபைட் என்பதை.

இதற்கும் களத்திலேயே சான்றுண்டு. பிரேசர் டவுனுக்கு அரசு வைத்த பெயர் புலிகேசி நகர். வாதாபியில் நரசிம்மவர்மப் பல்லவனிடம் தோற்ற சாளுக்கியனின் பெயர் கொண்ட பேட்டையில் தமிழர்கள் வாடகை கொடுத்து வாழ்வது தனி ஆய்வுக்குரியது. எப்பெயரிட்டு எழுதினாலும் கடிதம் வந்து சேரும். 25600-க்கு அதிகம் கொடுப்பவர், பிரேசர் டவுனுக்கு ஒரு மடங்கும் புலிகேசி நகருக்கு எட்டு மடங்கும் ஆட்டோக் கட்டணம் தருபவர்.

மூன்றாவது பெயரும் உண்டு. சில மென்பொருள்கள் அதே ரேமை 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டும். சண்டைக்குக் கிளம்ப வேண்டாம். கடிகாரத் துடிப்பு ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என இருமுறை தரவு செல்வதால்தான் ‘டபுள் டேட்டா ரேட்’ என்று பெயர்.

5. கல்வெட்டியல்

டொம்லூர் சொக்கநாதசாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்துவிடலாம். ரேமின் மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பதுதான் கடினம். ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ’ என்று கிடைத்த பாடத்துக்கு உரை வருமாறு: கொள்ளளவு 8 ஜிபி, ஒரே அணி, அதில் எட்டு பிட் அகலச் சில்லுகள் (எட்டுச் சில்லு, ஆளுக்கு எட்டு, ஆக 64), நான்காம் தலைமுறை, 3200 பஸ், ‘ஏஏ’ என்பது சிஎல் (காத்திருப்பு எண்) 22.

இந்த 22 கண்டு அஞ்சுவோர் உளர். பழைய டிடிஆர்3-1600-இல் சிஎல் 11தானே, இது இருமடங்கு தாமதமா என்பர். சிஎல் எண்ணுவது துடிப்புகளை. இங்கே துடிப்பே இருமடங்கு வேகம். இரண்டுக்கும் காத்திருப்பு 13.75 நானோவினாடி. தலைமுறை மாறினாலும் வரிசையில் நிற்கும் நேரம் மாறவில்லை என்பது நம் நாட்டவர்க்கு வியப்பளிக்காது.

6. சாதி வேறுபாடு

இங்கு மட்டும் கலப்புக்கு இடமில்லை. மடிக்கணினி ரேமில் டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. மின்னழுத்தமும் 1.5 (‘எல்’ என்றிருந்தால் 1.35), 1.2, 1.1 வோல்ட் என இறங்கிவரும். விளிம்பின் வெட்டும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அது பிடிவாதம் அன்று, விதி.

7. காலி அறை உண்டா?

பிரேசர் டவுனில் வீடு தேடியவர்க்குத் தெரியும்: அட்வான்ஸ் பேசுமுன் அறை காலியா என்று கேட்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ பகுதியைத் திறந்தால் வேகமும், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் தெரியும். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் அது நொறுக்குத்தீனி அன்று. ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள் என்று பொருள். வேறு ஸ்லாட்டும் இல்லையென்றால் ஆய்வை அங்கேயே முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம்.

8. கண்டறிந்தவை

கட்டுரையாளரின் கணினியில் பற்றவைத்தது 4 ஜிபி, காலி ஸ்லாட் ஒன்று. 8 ஜிபி, 3200 பஸ் வாங்கிப் பொருத்தப்பட்டது. ஆக 12. அதில் 8 ஜிபி இருவழிப் பாதையிலும் மிஞ்சிய 4 ஜிபி ஒருவழிப் பாதையிலும் ஓடுகின்றன. பழையது 2400, அதிலுள்ள இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி தாங்குவதும் 2400 வரைதான். ரம்ஜான் மாலையில் மாஸ்க் ரோட்டு நெரிசலில் எந்த வண்டியானாலும் முன்னால் போகும் வண்டியின் வேகம்தான்.

9. முடிவுரை

வாங்குமுன் கேட்க வேண்டிய வரிசை: எந்தத் தலைமுறை, ஸ்லாட் உண்டா, கணினி எவ்வளவு தாங்கும். பஸ் எண் அதற்கும் பின்னால்தான். பிரவுசரில் இப்போது முப்பது பக்கம் திறக்கிறது. தலைப்பில் எழுப்பிய வினாவுக்கு விடை: 3200 பஸ் பிரேசர் டவுன் வழியாகப் போகிறது, 2400 வேகத்தில்.