சங்கு ஊதிய ஊர்

எங்கள் அப்பாருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. விடிவெள்ளி முளைத்ததும் பண்ணயக்காரர் தோட்டத்தில் கவலை பூட்டப் போய்விடுவார். எருதுகள் இரண்டும் சரிவில் இறங்க இறங்க, ஆழக் கிணற்றிலிருந்து தோல்பறி தண்ணீரோடு மேலே வரும். வருசக்கூலிக்கு ஆள் அவர். கூலி கம்பும் சோளமும், தீபாவளிக்கு ஒரு வேட்டி. வேலை எப்போது முடியும் என்று அவர் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் அவர் இல்லை. நிலா வெளிச்சத்திலும் இறைத்திருக்கிறார். அந்தக் காலத்துக் கிராமம் நிம்மதியாக இருந்தது என்று யாராவது எழுதினால், கயிறு இழுத்துக் காய்த்துப்போன அவருடைய உள்ளங்கைகள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

அவருடைய மகன், என் அப்பா, மில்லுக்குப் போனார். அதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல, மின்சாரமும்தான். கோவையில் முதல் நூற்பாலையை ஸ்டேன்ஸ் 1888இலேயே தொடங்கிவிட்டார். கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று நூல் அறுந்துபோகாமல் காத்தது. ஆனாலும் வெகுகாலம் விரல்விட்டு எண்ணும்படியான மில்கள்தான் இருந்தன. 1932இல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கிவந்த பிறகுதான் அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் மில் கட்டடங்களும் கோபுரக் கடிகாரங்களும் வரிசையாக எழுந்தன. 1937இல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் கவலை நின்றது. கவலை ஓட்டியவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் வேலை குறைந்தது. எந்த மின்சாரம் அவர்களைத் தோட்டத்தை விட்டு அனுப்பியதோ, அதே மின்சாரம்தான் மில் கேட்டில் வேலை வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அப்பா முதலில் பதிலி. தினமும் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால் மேஸ்திரி கை காட்டுவார். இல்லையென்றால் தூக்குப்போசியில் கொண்டுபோன சோற்றை அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். சில வருடம் கழித்து நிரந்தரமானார். அதன்பிறகு எங்கள் லைன் வீட்டின் உயிர் மில் சங்கில் இருந்தது. பகல் ஷிப்ட், அரை நைட்டு, முழு நைட்டு என்று வாரம் மாறும். அம்மா அந்தச் சங்கை வைத்துத்தான் உலை வைப்பாள். "ஏனுங்க, சங்கு ஊதிப்போட்டாங்க, எந்திரிங்க" என்பதுதான் எங்கள் வீட்டுத் திருப்பள்ளியெழுச்சி. முழு நைட்டு வாரத்தில் அப்பா பகலில் தூங்குவார். நாங்கள் வாசலில் சத்தம் போடாமல் விளையாடுவோம். நள்ளிரவு தாண்டி அரை நைட்டு விடும்போது டீக்கடைகளில் கூட்டம் நிற்கும், சைக்கிள் மணிகள் ஒன்றாகக் கேட்கும்.

மில்லுக்குள் வேலை லேசானதல்ல. நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. கை ஜாடையில்தான் பேச்சு. நூல் அறாமல் இருக்க உள்ளே எப்போதும் ஈரமும் புழுக்கமுமாக வைத்திருப்பார்கள். அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டே ஷிப்ட் முழுவதும் நடக்க வேண்டும். அப்பா வீட்டுக்கு வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வார விடுமுறை முடிந்து போகும் முதல் நாளில் அவருக்கு நெஞ்சை அடைக்கும். அந்த நோய்க்கே அதுதான் அடையாளம்; பிசினோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் பஞ்சுத்தூசி நோய் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் கடுமையாக இருக்கும். அப்பா அதைச் சளி என்றே நினைத்தார். மில்லில் யாரும் அவருக்கு வேறு மாதிரி எடுத்துச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த இருமல் அவரை விடவில்லை. இதை நான் மன்னிக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அந்தச் சங்கை நான் சபிக்க மாட்டேன். அது வேலைக்குக் கூப்பிட்டது போலவே, வேலை முடிந்தது என்றும் ஊதியது. அப்பாரு வாழ்நாளில் கேட்டிராத ஒலி அது. ஊதியதும் அப்பா கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். மிச்ச நேரம் அவருடையது. படிப்பகத்தில் பேப்பர் படிப்பார், சங்கக் கூட்டத்துக்குப் போவார், எங்களைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவார். 8 மணி நேரம் என்ற அந்த வரம்பை எந்த முதலாளியும் தானாகத் தந்துவிடவில்லை. 1930களில் கோவை வேலைநிறுத்தங்களால் அதிர்ந்தது. அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியில், 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் 4 பேர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். 1948இல் தொழிற்சாலைகள் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் வந்தன. அதன்பின் பி.எஃப்., 1965இன் சட்டப்படி போனஸ். தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரத்தில் ஒப்பணக்கார வீதியில் கால் வைக்க இடமிருக்காது. கேட்டுக்கு உள்ளேயும் சாதி இருந்தது. மேஸ்திரிகள் தங்கள் ஆட்களையே சேர்த்தார்கள். ஆனாலும் தேதி தவறாத சம்பளம், பண்ணயக்காரர் வாசலில் கைகட்டி நின்ற ஒருவரின் மகனை நிமிர்ந்து நடக்க வைத்தது. என்னைப் பள்ளிக்கு அனுப்பியதும் அந்தச் சம்பளம்தான்.

இன்று அந்த ரோடுகளில் போனால் மில் இருந்த இடங்களில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்தப்பட்டன. ஊரடங்கு முடிந்த பிறகும் அவை பழையபடி ஓடவில்லை. நூல் தொழில் அழிந்துவிடவில்லை, நகரத்தை விட்டுக் கிராமங்களுக்குப் போய்விட்டது. அப்பா பார்த்த ரிங் பிரேமில் 400 சொச்சம் கதிர்கள். இப்போது ஒரே இயந்திரத்தில் 1,000க்கும் மேல். நிறைந்த பாபின்களைக் கழற்றி மாற்றுவதைக்கூட இயந்திரமே செய்கிறது. கூடம் நிறைய ஆட்கள் நின்ற இடத்தில் சிலர் போதும்.

அந்தச் சிலர் யார் என்பதில்தான் என் கவலை. பெண்களுக்கு இரவு வேலை கூடாது என்றிருந்த தடையை 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் சமத்துவத்தின் பெயரால் நீக்கியது. தீர்ப்பு நியாயமானது. அதே காலத்தில் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்துவந்து, மில் வளாகத்து விடுதியிலேயே தங்கவைத்து, மூன்று வருடம் முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொன்னார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். வெளியே போக அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் வேலை முடிந்ததற்கு அடையாளம் ஏது? வருசக்கூலிதான் வேறு உடையில் திரும்பியிருந்தது. இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளே பல மில்களை ஓட்டுகிறார்கள். எங்கள் தெரு முனை டீக்கடையில் ஒடிசாப் பையன் ஒருவனிடம் ஷிப்ட் கேட்டேன். "பன்னெண்டு மணி நேரம்ணா" என்றான். சங்கம் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தான்.

மில்லே தெரியாத என் மகள் சரவணம்பட்டியில் கணினி முன்னால் உட்கார்கிறாள். குளிரூட்டிய அறை, பஞ்சு இல்லை, இருமல் இல்லை. அப்பா இருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் இரவு பத்து மணிக்குச் சோற்றில் கை வைத்திருக்கும்போதும் அலுவலகத்திலிருந்து போன் வருகிறது. எழுந்து போகிறாள். நடுவில் ஒரு தலைமுறைக்கு வேலை நேரத்துக்கு முடிவு இருந்தது. முன்னே அப்பாருக்கு இல்லை. பின்னே இவளுக்கும் இல்லை.

2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமே ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட வழிசெய்யும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய 1923க்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்ததால்தான் திரும்பப் பெற்றார்கள். ஆகவே வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளைகளின் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். சம்பளத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருக்காவிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்கச் சொல்லுங்கள்.