சிரிக்கும் செட்டியார்

கொலுப் பொம்மைகளுக்குப் புதுவர்ணம் அடிக்கலாம் என்ற யோசனையை உலகத்தில் முதன்முதலாகச் சொன்ன புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால், அவரைக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால், பஸ் போகாத ஓரிடத்தில் குடியமர்த்தி, வேளைக்கொரு தம்ளர் கடுக்காய்க் கஷாயம் மட்டும் கொடுத்து வைக்கும்படி சர்க்காருக்குச் சிபாரிசு செய்வேன். இந்த நவராத்திரிக்கு முன், நான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, என் வீட்டார் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, பொங்கலுக்கு மாட்டுக் கொம்புகளுக்கும் மற்ற நாளில் இரும்புக் கதவுகளுக்கும் வர்ணம் பூசுகிற ஓர் ஆசாமியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவரும் மிகுந்த சிரத்தையோடு, கைவசம் மிஞ்சியிருந்த எனாமல் டப்பாக்களையெல்லாம் எங்கள் பரம்பரைச் சொத்தின்மீது காலிசெய்து அனுப்பிவிட்டார்.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததல்லவா? தேக்கிலும் வேங்கையிலும் வாகையிலும் தெய்வங்களையும் யாளிகளையும் செதுக்குகிற நம் ஊர்ச் சிற்பிகளைப்பற்றி ஒரு கட்டுரை தருவதாக வாக்களித்து வெகுநாளாயிற்று. அதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் எதிரே, வர்ணம் பூசி வந்த செட்டியார் பொம்மையின் பல்வரிசை பளபளக்கிறது. முதலில் அவரைப் பைசல் செய்துவிட்டு வருகிறேன்.

பழைய செட்டியாருக்குப் பல்லே கிடையாது. அதாவது, இருந்திருக்கலாம், அதை வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டவேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததில்லை. சம்மணமிட்ட கால்கள், கால்களின்மீது சாவகாசமாக இறங்கி உட்கார்ந்த தொந்தி, நெற்றியில் விபூதி, எதிரே அரிசியும் துவரம்பருப்பும் வெல்லமும் மிளகும் குவிந்த தட்டுகள் — இவ்வளவும் எல்லார் வீட்டுச் செட்டியாருக்கும் உண்டுதான். எங்கள் செட்டியாருக்கு விசேஷம் புருவத்தில் இருந்தது. கண் எழுதிய மகானுபாவன் அவசரத்தில் செய்தானோ, ஞானத்தில் செய்தானோ, இடப்புருவத்தை ஒரு நூல் உயர்த்திவிட்டான்; அந்த ஒரு நூலில், போனமாதத்துப் பாக்கியும், அதற்கு முந்தியமாதத்துப் பாக்கியும், அதை அடியோடு மறந்துபோனவர்போல் நீங்கள் பேசுகிற பேச்சும் அடங்கியிருந்தன. கடைவீதியில் பல இடங்களில் கணக்கு வைத்திருந்த எங்கள் உறவினர் ஒருவர், சுண்டல் வாங்குவதற்குக்கூட அந்தப் பக்கம் வராமல், தசாவதாரத்தின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வருவார். தட்டிலிருந்த வெல்லம் நிஜ வெல்லம். ஆனாலும் நாங்கள் குழந்தைகள் யாரும் அதைத் தொட்டதில்லை. மேல்படியில் சகல ஆயுதங்களோடும் எழுந்தருளியிருந்த துர்க்கையிடம் எங்களுக்கு இல்லாத பயபக்தி கீழ்ப்படியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த இவரிடம் இருந்தது.

இப்போது இரு புருவங்களும் சமம். கன்னத்தில் ரோஜா வர்ணம். வாய் திறந்து, பற்பசை விளம்பரத்துக்கு வந்தவர்போல் சிரிக்கிறார். இந்த முகத்தை வைத்துக்கொண்டு மளிகைக்கடை நடத்த முடியுமா? கேட்டவனுக்கெல்லாம் கடன் கொடுப்பார். ஆடி பிறப்பதற்குள் பருப்புத்தட்டு காலி. ஆவணியில் கடையே காலி. அதைவிடச் சங்கடம் என்னவென்றால், வர்ணம் தீர்ந்துபோயிற்றோ, வேலைக்காரருக்கு அலுத்துப்போயிற்றோ, பக்கத்தில் இருக்கும் ஆச்சியின் முகத்தை அவர் தொடவில்லை. ஆச்சி பழைய முகத்தோடு, பழைய கோணத்தில், சற்றே திரும்பி, புருஷனைப் பார்த்தபடி இருக்கிறாள். முன்பெல்லாம் அது கடையைக் கண்காணிக்கிற பார்வையாக இருந்தது. இப்போது, இந்த மனிதர் எதிர்வரிசையில் யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார் என்று விசாரிக்கிற பார்வையாக மாறிவிட்டது. எதிர்வரிசையில் இருப்பவர் ஆண்டாள். நான் இரண்டு பேரையும் வேறு வேறு படிக்கு மாற்றிப்பார்த்தேன். சிரிப்பு எல்லாப் படிகளிலிருந்தும் தெரிகிறது.

தொந்தியைப்பற்றியும் சொல்லவேண்டும். பழைய பொம்மையைக் காகிதக்கூழில் அச்செடுத்து, முன்பாதியும் பின்பாதியும் ஒட்டி, காயவைத்து, வெள்ளை பூசி, அதன்மேல் மங்கலாக வர்ணம் தீட்டுவார்கள். அந்த மங்கலில் தொந்தி ஒரு கௌரவமாக இருந்தது. எனாமலில் அது பலூனாகிவிட்டது. விளக்கேற்றினால் அதில் விளக்கு தெரிகிறது; குனிந்தால் என் முகம் தெரிகிறது. இதற்குமேல் சொல்லவேண்டாம்.

இவர் பிறந்தது பண்ருட்டியில். என் தாயார் வாங்கிய காலத்தில் பண்ருட்டியும் கள்ளக்குறிச்சியும் தென்னார்க்காடு என்ற ஒரே ஜில்லா. 1993-இல் அதைப் பிரித்தபோது பண்ருட்டி கடலூரோடும் நாங்கள் விழுப்புரத்தோடும் போனோம். 2019-இல் கள்ளக்குறிச்சியே தனி ஜில்லாவாயிற்று. பரணைவிட்டு நகராமலே செட்டியார் மூன்று ஜில்லாக்களைப் பார்த்தவர். அத்தனை மாற்றத்திலும் அசையாத புருவம் அரை டப்பா எனாமலில் அசைந்துவிட்டது.

கொலுவின் அடியில் நாங்கள் கட்டும் மலையும் கல்வராயன்தான். ஈரமண்ணைக் குவித்துக் கேழ்வரகு தூவினால் நாலாம்நாள் சோலை. ஜரிகைக் காகிதம் தொங்கினால் மேகம் அருவி. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கிடத்தினால் கோமுகி அணை. அணையில் நீந்திய வாத்து வெள்ளிமலையைவிடப் பெரிது என்பதை யாரும் ஆட்சேபித்ததில்லை. இவ்வருஷம் கடையில் ஆயத்தமாக விற்கிற தெர்மாகோல் மலையை வாங்கிவந்தார்கள். அதன் உச்சியில் பனி பெய்திருக்கிறது.

இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் என் மருமான் ஒருவன் மட்டும் என் துக்கத்தைப் புரிந்துகொண்டான். மேஜைமேல் படைவகுத்து விளையாடுவதற்காக அந்நாட்டார் வார்க்கிற விரல் உயர ஈயக் கூளிகளையும் டிராகன்களையும், 1977-இல் அங்கே தொடங்கிய 'ஒயிட் டுவார்ஃப்' என்னும் பத்திரிகையின் பழைய இதழ்களையும், சம்பளத்தில் கணிசமான பகுதியைக் கொடுத்துச் சேகரிக்கிறவன் அவன். "பழைய பெயிண்டுல கை வெச்சா மதிப்பே போச்சு மாமா" என்றான். நம் குடும்பத்தில் ஒரு விவேகி பிறந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்த மூச்சில், "ஆச்சிய மட்டும் எனக்குக் குடுத்துடுறீங்களா?" என்றான். அந்த அபிப்பிராயத்தை வாபஸ் பெற்றுக்கொண்டேன்.

பொம்மை போனால் போகிறது, புத்தகப்பெட்டி இருக்கிறதே என்று ஆறுதல் அடையலாமென்றால் அங்கும் நிம்மதி இல்லை. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவை நம்மைப்போன்றவர்கள் பைண்டு செய்து வைத்திருப்பது படிப்பதற்காகவா? எடுக்கிறோம், முகர்கிறோம், அந்துருண்டையை மாற்றுகிறோம், பூட்டுகிறோம். 2020-இல் காலமான சங்கர் என்ற அந்த மகா சித்திரக்காரர் வரைந்த விக்கிரமாதித்தன், கையில் வாளும் தோளில் பிணமுமாக, மண்டையோடுகளை மிதிக்காமல் மாதாமாதம் அதே மயானத்தைக் கடந்தான்; ஒரு மாதமாவது சலித்துக்கொண்டானா? நமக்கோ ஒரு பரணை ஒழிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இதில் பைண்டர் ஓரம் வெட்டியபோது ஒரு ராட்சசனுக்குக் காது போயிற்று. லண்டனில் 'வாலியண்ட்' பத்திரிகையில் 1962-இல் பிறந்து, 1972-இல் சிவகாசி முத்து காமிக்ஸின் மூலமாகத் தமிழரான இரும்புக்கை மாயாவியோ, மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார் என்று கதை; எங்கள் வீட்டில் இரவல் வாங்கியவர்கள் கையில் மின்சாரமே இல்லாமல் மறைந்தார். கதையிலாவது அந்த ஒரு கை வெளியே தெரியும்.

மரச்சிற்பங்களைப்பற்றி இனி இடமில்லை. வாசகர்களில் யாரிடமேனும் பண்ருட்டிச் செட்டியார் பழைய முகத்தோடு இருந்தால், மூக்கு உடைந்திருந்தாலும் பாதகமில்லை, தகுந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்; ஜோடியாக வேண்டாம், ஆச்சி இங்கே தனியாகத்தான் இருக்கிறாள். பதிலுக்கு என்னிடமிருந்து அம்புலிமாமா மட்டும் இரவல் கேட்கவேண்டாம்.