ஊடாக வராத வெள்ளம்

பெறுநர்: அனர்த்தப் பயிற்சிச் செயலமர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கும் மேன்மைதங்கிய அலுவலகம்.
ஊடாக: கிராம உத்தியோகத்தர். அவர் ஊடாக: பிரதேச செயலகம். அதன் ஊடாக: கச்சேரி.
விடயம்: "பயிற்றப்பட்ட தன்னார்வத் தொண்டர்களின் விபரம் கோரல்."

ஐயா / அம்மணி,

தங்கள் கடிதம் கிடைத்தது. மாவடிப்பள்ளியில் பயிற்றப்பட்ட தொண்டர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர், அடையாள அட்டைப் பிரதி, பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, எல்லாம் மூன்று பிரதிகளில். மறுமொழி சுணங்கியதற்கு மன்னிக்க வேண்டும். எங்களிடம் இருப்பது இரண்டு பட்டியல். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் ஒன்றில். வெள்ளம் வந்தால் தண்ணீரில் இறங்குகிறவர்கள் மற்றதில். இரண்டிலும் பெயர் உள்ள ஆள் ஒருவரையாவது கண்டுபிடித்து எழுதலாம் என்று மூன்று நாள் பார்த்தோம். ஒருவர் அகப்பட்டார். விசாரித்தால், அன்று மண்டபத்துக்கு அவர் வந்ததே கதிரை இறக்கத்தான். கடைசி வரிசையில் ஆள் குறைகிறது என்று படம் எடுக்க உட்கார வைத்துவிட்டார்களாம்.

சென்ற செயலமர்வைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தீர்கள், பத்தரைக்குத் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை மூன்றும் முடிய ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. அதன்பின் வளவாளர் திரையில் படம் காட்டினார். எழுத்தெல்லாம் ஆங்கிலம், விளக்கம் சிங்களம், தமிழில் வந்தது "விளங்குதா?" என்ற ஒரு சொல்தான். விளங்குது என்றார்கள். நாலா பக்கமும் வயல்வட்டை சூழ்ந்து, மாரி பிறந்தால் தீவாகிப் போகிற எங்கள் ஊருக்கு, அலுவலகத்தில் தீப்பிடித்தால் சிலிண்டரின் ஊசியை எப்படிக் கழற்றுவது என்று படிப்பித்தார். சிலிண்டர் கொண்டுவரவில்லை, சிலிண்டரின் படம்தான். லுஹருக்குப் பாங்கு சொல்லச் சோத்துப் பார்சல் வந்தது. இரண்டரைக்குச் சான்றிதழ். மூன்று மணிக்கு மண்டபத்தில் இருந்த எல்லோரும் "அனர்த்தப் பதிலளிப்பாளர்கள்". ஒருவரின் கால் பெருவிரல்கூட நனையவில்லை.

அன்று ஒரு தோணிக்காரக் காக்காவும் வந்திருந்தார். கடலில் முப்பது வருடம் கிடந்தவர். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று கரையிலிருந்து ஓடி வந்தவர்களில் கடைசி ஆள் இவர், திரும்பக் கரைக்குப் போனவர்களில் முதல் ஆளும் இவர்தான். அந்த ஒரு காலையில் அம்பாறை மாவட்டம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களைப் பறிகொடுத்தது, இலங்கையிலேயே கூடிய தொகை. நீரில் கிடந்தவரை எப்படி எடுப்பது, அடியோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவரை அரை மணி பேசச் சொல்லியிருந்தால் மண்டபமே வாயைப் பிளந்திருக்கும். ஆனால் அடையாள அட்டைப் பிரதி எடுத்து வரவில்லை என்று வரவு இடாப்பில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. மனுசன் பார்சலையும் எடுக்காமல் போய்விட்டார்.

அடுத்த பந்தியில் பகிடி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 26. நிந்தவூர் மதரசாவில் ஓதிய பிள்ளைகள் சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாகப் போகிற வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. அப்படியான நாளில் ட்ரக்டர் பெட்டிதான் எங்களுக்குப் பஸ். அன்று ட்ரக்டர் பெட்டியோடு இழுபட்டது. எட்டு உயிர், அதில் ஆறு பேர் மாணவர்கள். கடற்படை வந்தது, இராணுவம் வந்தது, பொலிஸ் வந்தது, அவர்களோடு சுற்றூர்ப் பொடியன்மாரும் நாள்கணக்கில் தேடினார்கள். அவர்களில் யாரிடமும் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

அந்த மாரிக்குப் பிறகுதான் எங்களுக்குப் பயிற்சி என்றால் என்ன என்பது தட்டுப்பட்டது, அதுவும் தங்கள் மண்டபத்தில் அல்ல. கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒரு தம்பியிடம்தான். அவன் அங்கே ஒரு ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் உயிர்காப்பாளராக வேலை செய்கிறான். அடி தெரிகிற நீலத் தண்ணீர், ஓட்டம் கிடையாது. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் விசிலோடு நிற்பதற்கே அவனைக் கிழமைக்கணக்கில் தண்ணீரில் போட்டு வாட்டித்தான் அனுமதி கொடுத்தார்களாம். வருடா வருடம் பாம்பும் முதலையும் சேர்ந்து வருகிற எங்கள் வெள்ளத்துக்கு நாலரை மணித்தியாலம் போதும் என்று தாங்கள் கணக்கெடுத்திருப்பது, எங்கள் பொடியன்மாரின் கெட்டித்தனத்தில் தங்களுக்குள்ள நம்பிக்கையைக் காட்டுகிறது. நன்றி.

அவன் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மஃரிபுக்குப் பிறகு சொன்னதில் முதல் பாடமே எங்களைத் தூக்கிப் போட்டது. குதிக்காதே. எட்டுமென்றால் கம்பை நீட்டு. எட்டாவிட்டால் கயிறோ வெற்றுக் கேனோ எறி. அதுவும் முடியாவிட்டால் தோணியில் போ. நீந்திப் போவது எல்லாவற்றுக்கும் கடைசி. கயிற்றைத் தன் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓட்டத் தண்ணீரில் இறங்குகிறவன், கயிறு இறுகியதும் தலையோடு அமுங்கிப் போவான். நாங்கள் அதுவரை அதைத்தான் வீரம் என்று செய்து வந்தோம். ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தால் சின்னக் காரைக் கிளப்பிவிடும், இரண்டடி இருந்தால் அநேக வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும் என்றான். ட்ரக்டரின் பெரிய சில்லு தருகிற தைரியம் எவ்வளவு பொய் என்று அன்றைக்கு விளங்கியது. நீரில் மூழ்கி எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதுதான் எங்கள் ஊர் வைத்தியம். அது வேண்டாம், முதலில் வாய்வழியாக மூச்சு ஊது, பிறகு நெஞ்சை அமுக்கு என்றான். தலையணையை வைத்துப் பழகினோம். தலையணை பிழைத்ததா என்று கேட்டு ஒரு சின்னவன் எல்லோரையும் சிரிக்க வைத்தான்.

அவன் லீவு முடிந்து போய்விட்டான். இப்போது எங்கள் பயிற்சிப் பிரிவு வட்ஸ்அப்பில் இயங்குகிறது.

சட்டம் இல்லை என்று நாங்கள் சொல்லவே மாட்டோம். கடல் வந்துபோன கையோடு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. இலக்கங்களுக்கும் பஞ்சமில்லை: அனர்த்தத்துக்கு 117, தீக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. எங்கள் சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்லும். வீதி வெட்டுப்பட்டால் அந்த இலக்கங்களின் மறுமுனையில் இருப்பவர்களும் அந்தக் கரையில்தான் நிற்பார்கள், அது அவர்கள் பிழையில்லை. இந்தக் கரையில் யார் நிற்கிறார் என்பதுதான் எங்கள் கேள்வி.

கேரளாவில் 2018 வெள்ளத்தில் மீனவர்கள் தோணியை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆட்களைக் காப்பாற்றினார்கள். அதைப் பார்த்த அந்த அரசு பொன்னாடை போர்த்தியதோடு நிற்கவில்லை. தீயணைப்பு நிலையம் ஒன்றுக்கு ஐம்பது பேர் என்று 124 நிலையங்களுக்கு 6,200 தொண்டர்களைச் சேர்த்து, தீயணைப்புத் துறையின் கீழேயே பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டது. சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்கள் எல்லோருமே தொண்டர்கள். 1851இல் வல்பரைசோவில் தொடங்கியது. சம்பளம் இல்லாததோடு மாதச் சந்தாவும் கட்டுகிறார்கள். (இந்தக் கடைசி விபரத்தைத் தங்கள் கணக்குக் கிளைக்குக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.)

ஆகவே தாங்கள் கோரிய விபரம்: பயிற்றப்பட்டவர்கள் நாற்பது பேர். அதில் நீந்தத் தெரிந்தவர்கள் பதினொருவர். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பவர்கள் நாற்பது பேரும். வெள்ளத்தில் நனையாமல் இருப்பது அது ஒன்றுதான். உயிர்காப்பு அங்கி இல்லை. எறியும் கயிறு இல்லை, மாட்டுக் கயிறு உண்டு. தோணி ஒன்று உண்டு, காக்காவுடையது. அவரிடம் இன்னும் அடையாள அட்டைப் பிரதி இல்லை.

அடுத்த முறை பனரும் மாலையும் குறைத்து, அந்தக் காசுக்கு ஐம்பது மீற்றர் மிதக்கும் கயிறு வாங்கித் தந்தால் உபகாரம். வளவாளர் தமிழ் பேசுகிறவராக இருந்தால் நல்லது, நனைவதற்கு ஒரு சாரன் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. ரோல்ஸை நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டாவது பட்டியலில் உள்ளவர்கள்,
மாவடிப்பள்ளி.

பிற்குறிப்பு: இக்கடிதத்தை முடிக்கும்போது தங்கள் அறிவித்தல் வந்து சேர்ந்தது. வெள்ள அனர்த்தச் செயலமர்வு, வெள்ளம் காரணமாகப் பிற்போடப்பட்டுள்ளதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பிற்போடாதீர்கள், தண்ணீர் வற்றுமுன் வாருங்கள். வீதிக்கு இந்தப் பக்கம் கம்போடு நிற்போம். குதிக்கமாட்டோம்.